விபத்தில் அடிபட்டவரைத் தேடி இன்ஷூரன்ஸ் ஆள் வரும்போது செய்யக்கூடாதவை

லாரியோ காரோ மோதிக் கால் முறிந்து படுத்திருப்பவரைப் பார்க்க, சில வாரங்களில் ஒருவர் ஃபைலோடு வருவார். உடம்பு எப்படி இருக்கிறது, வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை, வண்டி எப்படி மோதியது என்று பொறுமையாக விசாரிப்பார். "உங்க கிளெய்ம் சீக்கிரம் முடியணும்னுதான் வந்திருக்கேன்" என்பார். பல குடும்பங்கள் அவரைக் கோர்ட்டிலிருந்து வந்தவர் என்றோ அரசு அலுவலர் என்றோ நினைத்து, உட்காரவைத்துக் காபி கொடுத்து, கேட்டதையெல்லாம் சொல்லிவிடுகின்றன.

அவர் மோதிய வண்டிக்கு பாலிசி கொடுத்த கம்பெனி அனுப்பிய விசாரணையாளர். கம்பெனியின் ஊழியராக இருக்கலாம், வெளியிலிருந்து அமர்த்தப்பட்டவராகவும் இருக்கலாம். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. விபத்து உண்மையா, வண்டியும் டிரைவரும் சரியானவர்கள்தானா என்று பார்ப்பது அவர் வேலை. கம்பெனி கொடுக்க வேண்டிய தொகையைக் குறைக்க உதவும் விவரத்தைத் திரட்டுவதும் அதே வேலைதான். தமிழ்நாட்டில் வாகன விபத்து வழக்குகளில் அடிபட்டவர்கள் இழக்கும் பணத்தில் பெரும்பகுதி கோர்ட்டில் போவதில்லை, அதற்கு முந்தைய இந்த வாரங்களில்தான் போகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்தும் போடுவது

அடிபட்டவர், எதிர் வண்டியின் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நேரில் வாக்குமூலம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. போலீஸிடம் சொல்ல வேண்டும், விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் சாட்சி சொல்ல வேண்டும். அங்கே நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். வந்திருப்பவரிடம், "உங்க பேர், கம்பெனி, போன் நம்பர் எழுதிக் கொடுங்க, எங்க வக்கீல் மூலமா பதில் சொல்றோம்" என்றால் போதும். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை? "நானும் கொஞ்சம் வேகமாத்தான் வந்தேன்", "அவர் திரும்புவார்னு நினைக்கல", "ஹெல்மெட் வண்டியில மாட்டியிருந்தேன்" என்று பேச்சுவாக்கில் வரும் ஒரு வரி பின்னால் பங்களிப்புக் கவனக்குறைவு, அதாவது விபத்துக்கு அடிபட்டவரின் கவனக்குறைவும் ஒரு காரணம், என்ற வாதமாக மாறும். அந்த வாதம் ஏற்கப்பட்டால் மொத்தத் தொகையில் ஒரு பங்கை அப்படியே கழித்துவிடுவார்கள். வலி மருந்து மயக்கத்தில் இருப்பவர் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்வதும் உண்டு. எழுதாத தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில் எதையும் அசலாகக் கொடுக்கக் கூடாது. ஜெராக்ஸ் கொடுப்பதையும் வக்கீலிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஏ.ஆர். காப்பியைப் பார்க்காமல் விடுவது

விபத்தில் அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் டியூட்டி டாக்டர் எழுதும் முதல் பதிவுதான் ஏ.ஆர். காப்பி. கூட வந்தவர் பதற்றத்தில் "பைக்ல இருந்து விழுந்துட்டாருங்க" என்று சொல்ல, டாக்டரும் அப்படியே எழுதிவிடுவார். மோதிய கார் அந்தப் பதிவில் காணாமல் போய்விடும். 'தானாக விழுந்தவர், எந்த வண்டியும் மோதவில்லை' என்று கம்பெனி வாதாடுவதற்கு அந்த ஒரு வரி போதும். அழைத்துப் போகிறவர் மோதிய வண்டியின் நம்பரையும், நம்பர் தெரியாவிட்டால் என்ன வண்டி மோதியது என்பதையும் சொல்ல வேண்டும். தவறாகப் பதிவாகிவிட்டால், உடனே போலீஸில் கொடுக்கும் புகாரில் சரியான விவரத்தை எழுதி, நேரில் பார்த்தவர் யார் என்பதையும் சேருங்கள்.

புகாரைத் தள்ளிப்போட வைப்பவர் பெரும்பாலும் வண்டி உரிமையாளர். "கேஸெல்லாம் வேணாங்க, ஆஸ்பத்திரி செலவை நான் பாத்துக்கறேன்" என்பார். முதல் பில்லைக் கட்டுவார், அப்புறம் போனை எடுக்க மாட்டார். எஃப்.ஐ.ஆர். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் தாமதத்துக்கு நம்பும்படியான காரணம் வேண்டும். 'சமரசம் பேசிக்கொண்டிருந்தோம்' என்பதைவிட 'தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார்' என்பது எளிதாக நம்பப்படும்.

எலும்பு கூடுவதற்குள் தொகைக்கு ஒப்புக்கொள்வது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தங்களில் இழப்பீடு தொடர்பானவை 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அதன் 149-ஆவது பிரிவின்படி, விபத்துத் தகவல் வந்ததும் கம்பெனி ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். அவர் தீர்ப்பாயத்தின் முன் ஒரு தொகையைச் சொல்லலாம். ஒப்புக்கொண்டால் தீர்ப்பாயம் அதைப் பதிவு செய்யும், அது கிடைத்த 30 நாளுக்குள் கம்பெனி பணம் தர வேண்டும். மறுத்தால் வழக்கு விசாரணைக்குப் போகும், உரிமை ஒன்றும் போய்விடாது. பேச்சு எதுவானாலும் தீர்ப்பாயத்தின் முன்தான் நடக்க வேண்டும் என்பதை மனதில் வையுங்கள். வீட்டுத் திண்ணையில் பேசி, பத்திரத்தில் கையெழுத்து வாங்கி முடிப்பது இந்த வழி அல்ல.

சொல்லும் தொகை நியாயமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு கணக்கைப் பார்ப்போம். 32 வயதுக் கொத்தனார், மாத வருமானம் 15,000 ரூபாய். முழங்கால் மூட்டு நொறுங்கிப் பிளேட் வைத்திருக்கிறார்கள். மருத்துவக் குழு 30 சதவீத ஊனம் என்று சான்று தருகிறது. ஒரு சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்று பெருக்கினால் வருவது 1,50,000. வருமானத்தில் பாதிப்பு இல்லாதவர்களுக்கு நம் தீர்ப்பாயங்கள் இப்படிக் கணக்கிடுவது உண்டு. பேச்சுவார்த்தையில் கம்பெனியும் இந்தக் கணக்கைத்தான் விரும்பும்.

ஆனால் குந்தி உட்கார முடியாத, சாரம் ஏற முடியாத கொத்தனாருக்கு அது பொருந்தாது. ராஜ்குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: உடலின் ஊனச் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறு. இடது கையை இழந்த தச்சருக்கோ டிரைவருக்கோ இழப்பு கிட்டத்தட்ட நூறு சதவீதம், அரசு அலுவலக எழுத்தருக்கு அப்படி இல்லை என்பது அந்தத் தீர்ப்பே காட்டும் உதாரணம். நம் கொத்தனாருக்குச் சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் போனது என்று நிரூபித்தால் கணக்கு வேறாகிவிடும். 40 வயதுக்குக் கீழ், நிரந்தரச் சம்பள வேலை இல்லாதவர் என்பதால் எதிர்கால வளர்ச்சிக்காக வருமானத்தோடு 40 சதவீதம் கூடும். ஆக மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. இந்த ஆண்டுத் தொகையை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள், 31 முதல் 35 வயது வரை அந்த எண் 16. மொத்தம் 40,32,000. அதில் 40 சதவீதம் 16,12,800 ரூபாய். மருத்துவச் செலவு, படுத்திருந்த மாதங்களின் கூலி, வலிக்கான தொகை, பின்னால் பிளேட்டை எடுக்கும் ஆபரேஷன் செலவு, பார்த்துக்கொண்டவரின் செலவு எல்லாம் இதற்கு மேல்.

ஒன்றரை லட்சம் எங்கே, பதினாறு லட்சம் எங்கே! சிகிச்சை முடிந்து, ஊனம் நிலையாகி, மருத்துவக் குழுவின் சான்று கைக்கு வந்த பிறகே தொகை பேச வேண்டும் என்பது இதனால்தான். மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிப்பது நல்ல வழிதான், வருடக்கணக்கான அலைச்சல் மிச்சம். ஆனால் அங்கே முடித்தால் மேல்முறையீடு கிடையாது. கையெழுத்துக்கு முன் கணக்கைத் தாளில் எழுதச் சொல்லிப் பாருங்கள்.

வருமானத்துக்கு ஒரு தாளும் இல்லாமல் போவது

சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்குத் தீர்ப்பாயம் தானாக ஒரு தொகையை அனுமானிக்கும், அது உண்மையைவிடக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். வங்கிக் கணக்கு, நலவாரிய அட்டை, மேஸ்திரியின் கூலிக் கணக்கு நோட்டு, ஜி.பே-யில் வந்த கூலி என்று எதுவானாலும் எடுத்து வையுங்கள். வேலை கொடுத்தவர் சாட்சி சொல்ல வந்தால் இன்னும் நல்லது. பிசியோதெரபி ரசீது, ஆட்டோ செலவு இவற்றையும் தேதியோடு குறித்து வையுங்கள். குணமாகும் காலத்தில் கோயில் திருவிழாவில் நிற்கும் படத்தை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள், எதிர்த்தரப்பு அதையும் காட்டும்.

நாள் கடத்துவது

"நாங்களே முடிச்சுத் தர்றோம், கேஸ் போட வேண்டாம்" என்று கம்பெனித் தரப்பில் மாதங்கள் ஓடலாம். 2022 ஏப்ரல் 1-க்குப் பின் நடந்த விபத்துகளுக்கு ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 166-ஆவது பிரிவு சொல்கிறது. இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள், ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். நீங்கள் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம், விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

வார்டிலேயே வந்து பிடிக்கும் புரோக்கர்களிடம் வக்காலத்தில் (வக்கீலுக்கு வழக்கு நடத்த அதிகாரம் கொடுக்கும் தாளில்) கையெழுத்துப் போடுவதும் இதே அளவு ஆபத்து. கிடைக்கும் இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. இழப்பீடு அடிபட்டவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே வர வேண்டும், பாஸ்புக்கும் ஏ.டி.எம். அட்டையும் அவரிடமே இருக்க வேண்டும். வக்கீலுக்கு வழியில்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானமுள்ளவர்கள் ஆகியோருக்கு அங்கே வக்கீல் இலவசம். போனில் கேட்க 15100.