பனிநாட்டு ஜன்னலோரம் கறிவேப்பிலை: குளிர்காலத்தைத் தாண்டி வளர்ப்பது எப்படி

ஊரில் காய்கறிக்காரர் கொத்தமல்லியோடு சேர்த்துக் கொசுறாகப் போட்டுத் தரும் பொருள் இது. டொராண்டோவிலும் லண்டனிலும் சின்ன பிளாஸ்டிக் உறையில் காசு கொடுத்து வாங்க வேண்டும். விமானத்தில் வந்து சேர்வதற்குள் பாதி இலை கறுத்திருக்கும். கடையில் இல்லாத வாரம் ரசமும் தேங்காய்ச் சட்னியும் ஏதோ குறைந்தபடியே இருக்கும். அதனால்தான் வெளிநாட்டுத் தமிழர் வீடுகளில் ஜன்னலோரம் ஒரு கறிவேப்பிலைத் தொட்டிக்கு இடம் ஒதுக்குகிறார்கள். அவற்றில் பல செடிகள் முதல் குளிர்காலத்திலேயே போய்விடுகின்றன. குளிரில் செத்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் செடியைக் கொல்வது நாம் ஊற்றும் தண்ணீர்.

ஊரில் கிணற்றடிச் சேற்றிலும் பாத்திரம் கழுவிய தண்ணீரிலும் செழிக்கும் செடி இங்கே ஏன் அழுகுகிறது? யாழ்ப்பாணத்துக் கிணற்றடியிலும் தஞ்சாவூர்க் கொல்லையிலும் மண் எப்போதும் சூடாக இருக்கும், வெயில் இலை வழியே நீரை இழுத்துக்கொண்டே இருக்கும், மிச்சத் தண்ணீர் ஆழத்துக்கு இறங்கிவிடும். ஜனவரி மாத ஜன்னலோரத் தொட்டியில் இந்த மூன்றில் ஒன்றும் நடப்பதில்லை. கீழே சொல்லும் எல்லா வேலைக்கும் இதுதான் அடிப்படை.

செடி வாங்கும்போது

ஐரோப்பியத் தோட்டக் கடைகளில் ‘கறி பிளான்ட்’ என்று பெயரெழுதி ஒரு செடி விற்பார்கள். ஊசிபோல மெல்லிய, வெள்ளி நிற இலை, மஞ்சள் பூ, முகர்ந்தால் மசாலாப் பொடி வாசம். ஏமாற வேண்டாம், அது வேறு குடும்பத்துச் செடி, தாளிக்க உதவாது. நம்முடையது எலுமிச்சை, நாரத்தை, வில்வத்தோடு ஒரே குடும்பம். ஒரு ஈர்க்கில் ஏறக்குறைய 11 முதல் 21 இலை இருக்கும். ஒன்றைக் கசக்கி முகர்ந்தால் சந்தேகமே இருக்காது.

ஊரிலிருந்து கன்றையோ பச்சை இலையையோ பெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள். இது வெறும் அதிகாரிகளின் கெடுபிடி அல்ல. சைலிட் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி கறிவேப்பிலைக் கொழுந்தில் முட்டையிடும். அதே பூச்சிதான் எலுமிச்சை இன மரங்களுக்குப் பசுமை நோயைப் பரப்புகிறது. 2005இல் புளோரிடாவில் அந்த நோய் கண்டறியப்பட்ட பிறகு அங்கே ஆரஞ்சுத் தோட்டங்கள் பெருமளவில் அழிந்தன. அதனால் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் ஐரோப்பிய நாடுகளும் இந்தச் செடி விஷயத்தில் மிகக் கண்டிப்பானவை. நீங்கள் இருக்கும் நாட்டிலேயே வளர்ந்த செடியை வாங்குங்கள். நாற்றங்காலில் வாங்கினால் வேர் வழியே பூச்சிமருந்து கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கொடுத்திருந்தால் எத்தனை மாதம் இலையைச் சாப்பிடக் கூடாது என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

விதையில் தொடங்குவதென்றால் கறுப்பாகப் பழுத்த புதுப் பழம் வேண்டும். சதையை நீக்கிக் கழுவி, சில நாட்களுக்குள் ஊன்றிவிட வேண்டும். 25 டிகிரி செல்சியஸ் சூட்டில் இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளைக்கும். இணையத்தில் விற்கும் காய்ந்த விதை முளைப்பதில்லை. உலர்ந்தால் இந்த விதை உயிர்விட்டுவிடும்.

இவற்றையெல்லாம்விட நல்ல வழி, பழைய செடி வைத்திருக்கும் ஒரு வீட்டைத் தெரிந்துவைத்திருப்பது. அடியில் வேரிலிருந்து வரும் பக்கக் கன்று ஒரு சாண் உயரம் வந்ததும், வசந்த காலத்தில் அதன் சொந்த வேரோடு பிரித்து நடலாம். ஒரு பேட்டையில் ஒருவர் வளர்த்த செடியிலிருந்து பத்து வீட்டுக்குச் செடி போவது இப்படித்தான். கன்று கேட்டுவரும் யாரையும் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள்; உங்கள் செடி போய்விட்டால் திரும்ப வாங்க அந்த வீடுதான் இருக்கும்.

குளிர்காலத்தில் வாங்கினால், கடை வாசலிலிருந்து கார் வரை நடக்கும் இரண்டு நிமிடம் போதும் இலை கருகுவதற்கு. உறைநிலைக்குக் கீழே இருக்கும் நாளில் செய்தித்தாளால் சுற்றி, அதன்மேல் பையால் மூடி, முன்கூட்டியே சூடாக்கிய காரில் ஏற்றுங்கள். வண்டியின் பின் டிக்கியில் வைக்க வேண்டாம்.

தொட்டியும் மண்ணும்

சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். 10 செ.மீ. தொட்டியில் இருந்தால் அடுத்தது 15, பிறகு 20 என்று ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு படி ஏற்றுங்கள். 30 செ.மீ. வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம், அதற்குமேல் உள்ளே தூக்கி வைப்பதே பாடு. அடியில் ஓட்டை இல்லாத அலங்காரத் தொட்டி வேண்டவே வேண்டாம்.

20 செ.மீ. தொட்டிக்கு ஏறக்குறைய 4 லிட்டர் கலவை பிடிக்கும்: கடையில் கிடைக்கும் தொட்டி மண் 2 லிட்டர், பெர்லைட் (தண்ணீர் வடிய உதவும் வெள்ளை நிற எடையற்ற கல் துகள்) 1 லிட்டர், மண்புழு உரம் அல்லது நன்கு மக்கிய குப்பை 1 லிட்டர். கையில் பிடித்துக் கசக்கினால் உருண்டையாகி, விரலால் தட்டியதும் உதிர வேண்டும். உதிரவில்லை என்றால் இன்னும் ஒரு கைப்பிடி பெர்லைட் சேருங்கள். தோட்டத்து மண்ணை அள்ளிப் போடாதீர்கள். தொட்டிக்குள் அது களியாக இறுகிவிடும்.

அக்டோபர் முதல் மார்ச் வரை

டிசம்பரின் மிகக் குறுகிய பகல் சென்னையில் 11 மணி நேரத்துக்கும் மேல். டொராண்டோவில் 9 மணி நேரத்தைத் தொடாது, லண்டனில் 8 மணி நேரத்தைத் தொடாது. அதிலும் வானம் பெரும்பாலும் மூடியே இருக்கும். 16 டிகிரிக்குக் கீழே போனால் கறிவேப்பிலையின் மொட்டுகள் உறங்கப் போய்விடும். எனவே முதலில் ஒரு முடிவெடுங்கள்: செடியை விழித்திருக்க வைக்கப் போகிறீர்களா, உறங்க விடப் போகிறீர்களா?

விழித்திருக்க வேண்டுமென்றால் விளக்கு வேண்டும். செடி வளர்க்கும் எல்இடி விளக்கு, 20 முதல் 40 வாட், செடியின் உச்சிக்கு 20 முதல் 30 செ.மீ. மேலே; டைமர் போட்டு நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம். அறை 20 டிகிரிக்கு மேல். உறங்க விடுவதென்றால் 12 முதல் 15 டிகிரி இருக்கும் வெளிச்சமான அறை போதும், விளக்கு தேவையில்லை, தண்ணீரும் மிகக் கொஞ்சம். இரண்டுக்கும் நடுவில் வைப்பதுதான் தவறு. அறை சூடாக இருந்து வெளிச்சம் போதாவிட்டால், தண்டு மெலிந்து நீண்டு, வெளிறிய இலை விட்டு, பூச்சிக்கு விருந்தாகிவிடும்.

தண்ணீருக்கு நாள் கணக்கு வைக்காதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். அங்கே ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். தண்ணீர் ஊற்றிய அன்று தொட்டியைத் தூக்கிப் பார்த்து அதன் கனத்தைக் கை அறிந்துகொண்டால், பிறகு விரலும் தேவைப்படாது. குளிர்காலத்தில் 10, 14 நாளுக்கு ஒருமுறை என்றுதான் வரும், உறங்கும் செடிக்கு இன்னும் தாமதமாகும். குழாயின் சில்லென்ற நீரை அப்படியே விடாமல், ஒரு இரவு வீட்டுக்குள் வைத்து, அடி ஓட்டை வழியே வடியும் வரை ஊற்றுங்கள். 20 நிமிடம் கழித்துத் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

இதில் நடக்கும் தவறு எப்போதும் ஒரே மாதிரிதான். குளிர்ந்த மண்ணில் வேர் தண்ணீரை எடுப்பதில்லை. ஈரம் நிற்கிறது, காற்று புகுவதில்லை, வேர் அழுகுகிறது. அழுகிய வேர் தண்ணீர் ஏற்ற முடியாமல் இலை துவள்கிறது. பார்ப்பவர்கள் ‘ஐயோ, காய்ந்துபோச்சே’ என்று இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறார்கள். இலை துவண்டிருக்கும்போது மண்ணும் ஈரமாக இருந்தால், அது தாகம் அல்ல. ஊற்றுவதை நிறுத்தி, செடியைச் சூடான இடத்துக்கு மாற்றுங்கள்.

இடம்: தெற்குப் பார்த்த ஜன்னல். இலை கண்ணாடியைத் தொடக் கூடாது. தொடும் இலை இரவில் கருகும். ஜன்னலுக்கு நேர் கீழே ரேடியேட்டர் இருந்தால் அதன் அனல் இலையைக் காய வைக்கும். தொட்டியை ஒரு முக்காலியில், ஜன்னலிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள்.

சூடாக்கிய வீட்டின் காற்று மிக வறண்டது. அதில் பெருகுவது சிலந்திப் பேன். இலையில் ஊசி முனையால் குத்தியது போன்ற வெளிர்ப் புள்ளிகள் தெரிந்தால், ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்து ஈர்க்கைத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசு நடக்கத் தொடங்கினால் அதுதான். செடியைக் குளியலறைக்குத் தூக்கிப் போய், மண்ணை ஒரு பையால் மூடிக் கட்டி, வெதுவெதுப்பான ஷவரில் இலையின் அடிப்புறம் படும்படி கழுவுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம். போகாவிட்டால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டுத் திரவ சோப்பும் கலந்து, மாலையில் தெளியுங்கள். தண்டில் பழுப்புப் பொட்டுகளாக ஒட்டியிருக்கும் செதில் பூச்சியை நகத்தாலோ பழைய பல் துலக்கியாலோ சுரண்டி எடுப்பதே சிறந்தது.

இத்தனைக்கும் பிறகு பிப்ரவரியில் எல்லா இலையும் கொட்டி, வெறும் குச்சி மட்டும் நிற்கலாம். குப்பையில் போட்டுவிடாதீர்கள். தண்டின் தோலை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மேலே பழுப்பாக இருந்தால் கீழே இறங்கி இறங்கிக் கீறி, பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். உரமும் வேண்டாம், அதிகத் தண்ணீரும் வேண்டாம். ஏப்ரலில் கணுவில் அரிசி முனை அளவுக்குச் செம்பச்சையாக ஒரு துளிர் எட்டிப் பார்க்கும். அதற்குப் பிறகுதான் தண்ணீரைக் கூட்ட வேண்டும்.

வெயில் வந்ததும்

டொராண்டோக்காரர்கள் மே மாத விக்டோரியா தின நீண்ட வார இறுதியில் தோட்டம் போடத் தொடங்குவார்கள். கறிவேப்பிலைக்கு அது சீக்கிரம்; இரவு வெப்பம் 12 டிகிரிக்குக் கீழே போகாத நிலை வரும் வரை பொறுங்கள். வெளியே எடுத்ததும் நேர் வெயிலில் வைத்தால் இலை வெள்ளைத் திட்டாக வெந்துவிடும். முதல் வாரம் நிழல், இரண்டாம் வாரம் காலை வெயில், பிறகு முழு வெயில்.

ஒரு அடி உயர ஒற்றைக் குச்சியாக நின்றால், மூன்றில் ஒரு பங்கை ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். இரண்டு மூன்று கிளை வரும். மனசு வராது, ஆனாலும் வெட்டுங்கள். பூமொட்டு வந்தால் கிள்ளி எறியுங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை தழைச்சத்து கூடிய திரவ உரம், பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

ஊர் வழக்கப்படி புளித்த மோர் ஊற்றலாமா? வெளியே இருக்கும் மாதங்களில், ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, மாதம் ஒருமுறை ஊற்றலாம். வீட்டுக்குள் கூடாது: நாற்றமும் கொசுபோன்ற சின்ன ஈக்களும் வரும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் மோர் போதாது, அது இரும்புச்சத்துக் குறை. லண்டனின் சுண்ணாம்பு கலந்த கடினநீர் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டி, இரும்பை வேருக்குக் கிடைக்காமல் செய்துவிடுகிறது. மழைநீர் பிடித்து ஊற்றுங்கள். வேர் எளிதில் எடுக்கக்கூடிய கீலேட் வடிவ இரும்பு ஒருமுறை கொடுத்தால் புதுத் துளிர் பச்சையாக வரும். பழைய மஞ்சள் இலை முழுதாக மாறாது.

பறிக்கும்போது இலை இலையாக உருவாதீர்கள். ஈர்க்கோடு தண்டை ஒட்டிக் கிள்ளுங்கள். முதல் ஆண்டு தொடவே வேண்டாம். அதற்குப் பிறகும் ஒரு நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

செப்டம்பரில் இரவு 12 டிகிரியைத் தொடும்போது செடி உள்ளே வர வேண்டும். அதற்கு முந்தைய நாள் ஒரு கவாத்து செய்தால் செடிக்கும் இடம் அடங்கும், குளிர்காலச் சமையலுக்கும் இலை சேரும். ஈர்க்கோடு கழுவி, துணியில் பரப்பி, ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் உலர்த்தி, காற்றுப் புகாத பையில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். வெயிலில் காயவைத்த இலையில் வாசம் மிஞ்சாது. உறைய வைத்ததில் வாசம் ஓரளவு நிற்கும். எடுத்து வெளியே வைத்து இளக விட்டால் கறுத்துவிடும். கடுகு வெடித்ததும் பெட்டியிலிருந்து நேராக எண்ணெயில் போடுங்கள். இலையில் படிந்த பனி எண்ணெயில் பட்டதும் பலமாகத் தெறிக்கும், மூடி கையிலேயே இருக்கட்டும்.