பழைய மில்லிங் மெஷினை மீட்பது: முதலில் எண்ணெய், கடைசியில் பெயிண்ட்

1938-இல் அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் அறிமுகப்படுத்திய டர்ரெட் வகை (மேற்பகுதி சுழன்று திரும்பும்) வெர்டிகல் மில்லிங் மெஷினும் (சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்குவது), அந்த அமைப்பைப் பின்பற்றிப் பல நாடுகளில் செய்தவையும்தான் பழையது தேடுபவர் கைக்கு அதிகம் வருகின்றன. இந்தக் குறிப்புகள் அந்த வகைக்கானவை. மெஷின் வந்து இறங்கியதும் பெயிண்டை உரிக்கக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். இவற்றில் பெரும்பாலானவை தேய்ந்தது எண்ணெய் போய்ச் சேராததால்தான்.

இடம் மாற்றும்போது கவனம் வேண்டும். சுமார் 900 கிலோ எடையில் பெரும்பங்கு மேலே இருப்பதால் எளிதில் சாயும். டேபிளை முழுக்கக் கீழே இறக்குங்கள், ராமை (ஹெட்டைத் தாங்கி முன்னும் பின்னும் நகரும் மேல் கை) பின்னால் தள்ளுங்கள், ஹெட்டை (மோட்டாரும் கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலும் உள்ள தலைப்பகுதி) தலைகீழாகத் திருப்புங்கள். ஹெட்டின் போல்ட்டைத் தளர்த்தும் முன் அதற்கு முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வீச்சில் சுழன்று கையை நசுக்கிவிடும்.

ஒரு ஸ்பேனரைக்கூட எடுப்பதற்கு முன் அளந்து எழுதி வையுங்கள். டேபிளில் டயல் இண்டிகேட்டரை (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவி) முட்ட வைத்து, கைச்சக்கரத்தை ஒரே திசையில் சுற்றி, முள் அசைந்ததும் சக்கரத்தின் அளவுகோலைப் பூஜ்யமாக்குங்கள். பிறகு எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். டேபிள் நகரத் தொடங்கும்வரை சக்கரம் வீணாகச் சுற்றிய அளவே பேக்லாஷ். இதை டேபிளின் இரு கோடியிலும் நடுவிலும் எடுக்க வேண்டும். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் தேய்ந்தது, லீட் ஸ்க்ரூ (டேபிளை நகர்த்தும் நீண்ட திருகு) ஓடும் வெண்கல நட். அதன் இரு பாதிகளையும் நெருக்கும் திருகை முடுக்கினால் குறையும். நடுவில் மட்டும் அதிகம் என்றால் லீட் ஸ்க்ரூவே தேய்ந்திருக்கிறது. அப்போது நடுவுக்கு ஏற்ப நட்டை முடுக்கினால் கோடிகளில் இறுகி நின்றுவிடும். அரை மில்லிமீட்டர் பேக்லாஷ் இருக்கிறது என்பதற்காக நல்ல மெஷினை ஒதுக்க வேண்டாம். எப்போதும் ஒரே திசையிலிருந்து அளவுக்கு வந்து, கிளைம்ப் மில்லிங்கை (கட்டரின் பற்கள் வெட்டும் திசையிலேயே டேபிளை நகர்த்தி வெட்டுவது) தவிர்த்தால் வேலை சரியாகவே வரும்.

ஸ்பிண்டில் டேப்பரை (கட்டர் பிடிப்பான் உட்காரும் கூம்புத் துளை) துணியால் துடைத்து, உட்புறத்தில் இண்டிகேட்டரை வைத்துக் கையால் சுற்றுங்கள். 0.01 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. 0.05 காட்டினால் முதலில் அழுக்கையும் பிசிறையும் சந்தேகப்படுங்கள், பேரிங்கைப் பிறகு. இரைச்சலோ அளவுக்கு மீறிய சூடோ இல்லாத ஸ்பிண்டிலைப் புதியவர் பிரிக்கவே கூடாது. உள்ளே பேரிங்குகள் ஜோடி சேர்த்து, இடைவளையங்களை ஒரே நீளத்துக்குக் கிரைண்ட் செய்து பொருத்தியிருப்பார்கள். திசை மாறினாலோ தூசி புகுந்தாலோ பேரிங்குகளை ஆட்டமில்லாமல் பிடித்திருக்கும் முன்னழுத்தம் போய்விடும்.

இனிக் கழற்றலாம். டேபிள் கோடியில் உள்ள கைப்பிடி, பிராக்கெட், கிப், லீட் ஸ்க்ரூ என்ற வரிசையில் எடுத்து, ஒவ்வொன்றையும் படம் பிடித்துத் தனிப் பையில் போடுங்கள். கிப் என்பது டவ்டெயில் (புறா வால் வடிவச் சறுக்குத் தடம்) இடுக்கில் செருகிய மெல்லிய ஆப்புப் பட்டை. எது எந்தப் பக்கம் இருந்தது என்று குறிக்காவிட்டால் பின்னால் தவிப்பீர்கள். டேபிள் ஒருவர் தூக்கும் பாரமல்ல. ஹாய்ஸ்ட் வைத்தே எடுங்கள்.

டேபிளும் சேடிலும் (டேபிளைத் தாங்கி முன்-பின் நகரும் பகுதி) வெளியே வந்ததும் எண்ணெய்க் குழாய்களைப் பாருங்கள். பம்பை இழுத்துவிட்டால் ஒவ்வொரு துளையிலும் எண்ணெய் கசிந்து வர வேண்டும். பழைய மெஷினில் பாதித் துளைகள் வறண்டிருக்கும். எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும், அல்லது யாரோ எண்ணெய் நிப்பிளில் கிரீஸை அடைத்திருப்பார்கள். துளைகளை மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, மெல்லிய கம்பியால் குத்தி, காற்றடித்துச் சுத்தம் செய்யலாம். அளவுகட்டும் சிறு வால்வுகளைச் சுத்தம் செய்ய மெனக்கெட வேண்டாம், புதிதே போடுங்கள். அவற்றில் பொறித்துள்ள எண் பாயும் அளவைக் குறிக்கும். ஒன்றின் இடத்தில் வேறு எண்ணைப் போட்டால் ஒரு ஸ்லைடு (பாகங்கள் சறுக்கும் தளம்) நனையும், இன்னொன்று காயும். ஊற்ற வேண்டியது ஐஎஸ்ஓ விஜி 68 ஸ்லைடுவே எண்ணெய். இன்ஜின் ஆயில் ஆகாது: ஸ்லைடில் ஒட்டி நிற்காது, அழுக்கையும் படியவிடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லாத் துளையும் சொட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகே டேபிளை ஏற்றுங்கள்.

ஸ்லைடில் எமரி பேப்பர், கிரைண்டர், கம்பி பிரஷ் மூன்றும் கூடாது. எண்ணெய் தடவி, ரேசர் பிளேடைச் சாய்வாகப் பிடித்துத் துருவைச் சுரண்டுங்கள். புடைத்த பிசிறை மட்டும் தட்டையான நுண்கல்லால் தேய்த்தால் போதும். ஸ்க்ரேப்பிங் (தளத்தைச் சமப்படுத்தச் சுரண்டியது) அடையாளம் இன்னும் தெரிந்தால் அந்த இடம் அதிகம் தேயவில்லை என்று அர்த்தம். எண்ணெயைப் பிடித்து வைப்பதும் அந்தப் பள்ளங்கள்தான். சிறு உதிரிகளின் துருவை எலக்ட்ராலிசிஸ் முறையில் எடுப்பவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை நேர்முனையாக வைக்கக் கூடாது, நச்சான குரோமியம் கரைந்து வரும். ஸ்பிரிங்குகளை அதில் போட்டால் ஹைட்ரஜன் புகுந்து நொறுங்கக்கூடும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம்; உலர்ந்த நிலையில் தேய்க்காமல் ரசாயனம் போட்டு உரியுங்கள்.

திரும்பப் பூட்டும்போது கிப்பைப் பொறுமையாகச் சரிசெய்யுங்கள். ஸ்லைடு நடுவில்தான் தேய்ந்திருக்கும். டேபிளை இறுக்கமாக ஓடும் கோடிக்குக் கொண்டுபோய், அங்கே லேசான பிடிப்பு தெரியும்வரை முடுக்குங்கள். நடுவில் சற்றே ஆட்டம் மிஞ்சும். வெட்டும்போது நகராத அச்சுகளைப் பூட்டி வைத்தால் அது தொல்லை தராது.

கடைசி வேலை, ஹெட்டை நேராக்குவது. ஸ்பிண்டிலில் இண்டிகேட்டரை மாட்டி, டேபிள் மேல் சுமார் 250 மி.மீ. விட்டத்தில் சுற்றுங்கள். முதலில் முன்-பின் சாய்வு, பிறகு இட-வலச் சாய்வு. வித்தியாசம் 0.02 மி.மீ.க்குள் வந்ததும் போல்ட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். கடைசி முடுக்கில்தான் ஹெட் நகரும். அதனால் முழுக்க இறுக்கிய பிறகு இன்னொரு முறை சுற்றிப் பார்க்காமல் கட்டரை மாட்டாதீர்கள்.