டிரம் ஓசையை வெட்டிக் கோப்பது எப்படி?

பழைய இசைத்தட்டுகளின் துண்டுகளைக் கோத்து இசை அமைக்கும் அமெரிக்கக் கலைஞர் டிஜே ஷேடோவின் 'எண்ட்ரோடியூசிங்' ஆல்பத்தில் (1996) டிரம் ஏன் அவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று புரிய எனக்குப் பல இரவுகள் பிடித்தன. அவரிடம் இருந்த முக்கியக் கருவிகள் டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி), அகாய் எம்பிசி60 சாம்ப்ளர் (ஒலித்துண்டுகளைப் பதிந்து, பேடு எனும் தட்டும் பொத்தான்களால் வாசிக்கும் கருவி), ஏடாட் ரெக்கார்டர் (பல தடங்களில் பதியும் டிஜிட்டல் டேப் கருவி). அவ்வளவுதான்.

பழைய இசைத்தட்டில் டிரம் மட்டும் தனியாக ஒலிக்கும் இடத்தைப் பிடியுங்கள். அதை அப்படியே சுழல விடாதீர்கள். கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்நேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறிய டிரம்), ஹை-ஹாட் (ஜோடித் தாளத்தட்டு) என ஒவ்வொரு அடியையும் வெட்டி, பேடுக்கு ஒன்றாக வையுங்கள். அடியின் தொடக்கத்தை ஒட்ட வெட்டுங்கள். சில மில்லிசெகண்டு மௌனம் மிஞ்சினாலே தாளம் பின்தங்கும். வாலை மட்டும் தாராளமாக விடுங்கள். ஸ்நேர் அடங்கும்போது கேட்கும் அறையின் அதிர்வும் தட்டின் கரகரப்பும்தான் அந்த உயிர். ஆரம்பத்தில் நான் அதையெல்லாம் துடைத்துச் சுத்தம் செய்தேன். அட்டைப்பெட்டியைத் தட்டியது போல ஆகிவிட்டது.

அப்புறம் விரலால் வாசித்துப் பதியுங்கள். அடிகளைத் தாளக் கட்டத்தில் தானாகப் பொருத்தும் குவாண்டைஸை முழுதாகப் போடாதீர்கள். ஸ்நேர் ஒரு இழை தாமதமாக விழட்டும், தலை தானாக ஆடும்.

வெளியிடுவதாக இருந்தால், மூலப் பதிவின் உரிமையாளரிடமும் பாடல் உரிமையாளரிடமும் அனுமதி வாங்கிவிடுங்கள்.