என்எச்எஸ் கன்சல்டன்ட் நேர்காணலுக்குத் தயாராவது எப்படி: விளம்பரம் முதல் பணி உத்தரவு வரை

இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் மருத்துவமனைகளில் ரெஜிஸ்ட்ராராக (மூத்த பயிற்சி மருத்துவராக) இருந்து பயிற்சியை முடிக்கும் தறுவாயில் இருக்கும் தமிழ் மருத்துவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, அடுத்த நிலையான கன்சல்டன்ட் (மூத்த நிபுணர்) பதவிக்கான நேர்காணலுக்கு எந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்பதுதான். அந்தக் கேள்வியிலேயே தயாரிப்பு திசைமாறத் தொடங்கிவிடுகிறது. நம் மருத்துவ அறிவை எம்.டி. வாய்மொழித் தேர்விலும் எம்.ஆர்.சி.பி. தேர்விலும் ஏற்கெனவே சோதித்து முடித்துவிட்டார்கள். நேர்காணல் அறையில் இருப்பவர்கள், அடுத்த இருபது ஆண்டுகள் இவரோடு ஒரே துறையில் பணியாற்ற முடியுமா, ஒரு பிரிவை நம்பி இவரிடம் ஒப்படைக்கலாமா என்பதை அறியவே அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே நீங்கள் படிக்க வேண்டியது அந்த மருத்துவமனையைத்தான். நான் இரைப்பை, குடல் நோய்த் துறையைச் சேர்ந்தவன் என்பதால் எடுத்துக்காட்டுகள் அங்கிருந்தே வரும். முறை எல்லாத் துறைகளுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் பணி ஒப்பந்தங்கள் வேறு என்பதால், இங்கே எழுதுவது இங்கிலாந்துக்கு மட்டுமே.

படி 1: தகுதியும் விண்ணப்பமும்

நிரந்தரக் கன்சல்டன்ட் பதவிக்கு, மருத்துவர்களைப் பதிவுசெய்யும் ஜிஎம்சியின் ஸ்பெஷலிஸ்ட் ரெஜிஸ்டரில் (நிபுணர் பதிவேட்டில்) பெயர் இருக்க வேண்டும். பயிற்சியில் இருப்பவர்கள், சிசிடி (பயிற்சி நிறைவுச் சான்றிதழ்) கிடைக்கவிருக்கும் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே நேர்காணலில் கலந்துகொள்ளலாம். இந்த ஆறு மாதத்தை நேர்காணல் நாளிலிருந்து கணக்கிட வேண்டும். பயிற்சித் திட்டத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு, 2023 நவம்பர் வரை சீசர் என்று அழைக்கப்பட்டு இப்போது போர்ட்ஃபோலியோ பாதை என்று பெயர் மாறியிருக்கும் வழி உண்டு.

விண்ணப்பத்தைப் பெரும்பாலும் டிராக் என்ற வேலைவாய்ப்பு இணையதளத்தில் நிரப்புவீர்கள். விளம்பரத்தோடு இணைத்திருக்கும் தகுதிப் பட்டியலில் அத்தியாவசியம், விரும்பத்தக்கது என்று இரண்டு பத்திகள் இருக்கும். உங்கள் விளக்கவுரையை அதே வரிசையில், ஒவ்வொரு தகுதிக்கும் ஒரு சான்றோடு எழுதுங்கள். தேர்வுப் பட்டியல் தயாரிப்பவர் அந்த அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மதிப்பெண் போடுகிறார். அவர் தேடி அலையும்படி வைக்காதீர்கள்.

படி 2: ஜாப் பிளானை (வாராந்திரப் பணித் திட்டத்தை) வரிக்கு வரி படியுங்கள்

2003-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி முழுநேரக் கன்சல்டன்டின் வாரம் 10 பிஏக்கள் (பணிநேர அலகுகள்) கொண்டது. ஒரு பிஏ என்பது 4 மணி நேரம், இரவிலும் வார இறுதியிலும் 3 மணி நேரம். நேரடி நோயாளி சிகிச்சைக்கு 7.5, கற்பித்தல், ஆடிட் (சிகிச்சைத் தரக் கணக்கெடுப்பு), ஆண்டு மதிப்பீடு போன்ற துணைப் பணிகளுக்கு 2.5 என்பதே ஒப்பந்தம் காட்டும் வழக்கமான பங்கீடு. ஆனால் இன்று வரும் விளம்பரங்கள் பலவற்றில் அது 8.5, 1.5 என்றுதான் இருக்கிறது. இந்தப் பங்கீட்டைக் கண்டு நேர்காணலில் வாதாட வேண்டாம். 1.5-இல் என்ன செய்ய முடியும், அதற்கு மேல் நீங்கள் எடுத்துக்கொள்ள விரும்பும் பொறுப்புக்கு எவ்வளவு நேரம் தேவைப்படும் என்பதை மட்டும் மனத்தில் தெளிவாக வைத்திருங்கள்.

படி 3: நேரில் சென்று பாருங்கள்

இந்தப் படியில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். எனக்கும் நீண்ட நாள் பிடிபடாமல் இருந்தது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ வளர்ந்த நமக்கு, நேர்காணலுக்கு முன்பு மேலதிகாரியைப் போய்ப் பார்ப்பதென்றால் சிபாரிசுக்குப் போவது என்றே பொருள்படுகிறது. நேர்மையானவர்கள் அதனாலேயே கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். இங்கே நிலைமை வேறு. தேர்வுப் பட்டியலில் இடம்பெற்றவர்கள் வந்து பார்க்க வேண்டும் என்று ட்ரஸ்ட் (மருத்துவமனையை நடத்தும் என்எச்எஸ் நிறுவனம்) எதிர்பார்க்கிறது. யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பதை விளம்பரத்திலேயே அச்சிட்டிருக்கிறது. வராதவருக்கு இந்தப் பதவியில் உண்மையான நாட்டமில்லை என்றுகூட நினைத்துவிடுவார்கள். தகவல் கேட்பதில் தவறே இல்லை. எனக்கு ஆதரவு தாருங்கள் என்று கேட்டால் அது தகுதியிழப்புக்கே காரணமாகலாம். அந்தக் கோட்டை மட்டும் தாண்டக் கூடாது.

விண்ணப்பிக்கும் முன்பு ஒரு முறை துறைத் தலைவரோடு பேசுங்கள். பட்டியலில் பெயர் வந்த பிறகு இரண்டாம் முறை போங்கள். அப்போது கிளினிக்கல் டைரக்டர், துறையின் மேலாளர், மெடிக்கல் டைரக்டர் ஆகியோரையும், முடிந்தால் தலைமை நிர்வாகியையும் சந்திக்க அவரவர் செயலர் வழியாகக் கால் மணி நேரம் கேளுங்கள். அதிகாரப் படிநிலையில் இல்லாத இருவரை விட்டுவிட வேண்டாம்: எண்டோஸ்கோபி பிரிவின் பொறுப்புச் செவிலியர், கன்சல்டன்ட்களின் மருத்துவச் செயலர். துறை உண்மையில் எப்படி நடக்கிறது என்பது இவர்களுக்குத்தான் தெரியும்.

கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. இந்தப் பதவி ஓய்வு பெற்றவர் இடத்துக்கா, புதிதாக உருவாக்கியதா? காத்திருப்போர் பட்டியலில் உங்களை அதிகம் கவலைப்படுத்துவது எது? புதியவர் வந்தால் முதல் ஆண்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? ஒரே கேள்வியை எல்லோரிடமும் கேளுங்கள். மேலாளர், கண்காணிப்புக் கொலனோஸ்கோபிகள் (பெருங்குடல் உள்நோக்குப் பரிசோதனைகள்) தேங்கிக் கிடப்பதாகச் சொல்லலாம். அதே தேக்கத்தைப் பற்றிச் செவிலியரிடம் கேட்டால், ஒப்புதல் படிவத்தைக் காலையில் படுக்கையருகில் நின்று வாங்குவதால் முதல் நோயாளியே அரை மணி தாமதமாக உள்ளே போகிறார் என்பார். இந்த இரண்டு பதில்களையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு, நேர்காணலில் சொல்ல வேண்டியது பாதி கிடைத்துவிட்டது. காரில் ஏறியதும் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். அவர்கள் எதிரில் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தால் பேச்சு இறுகிப்போகும்.

படி 4: போர்ட் ஆவணங்கள்

ட்ரஸ்ட் போர்டின் (நிர்வாகக் குழுவின்) கூட்டங்கள் பொதுமக்கள் முன்னிலையில் நடப்பவை. அவற்றின் ஆவணங்கள் இணையதளத்திலேயே கிடைக்கும். கடைசி இரண்டு கூட்டங்களின் ஆவணங்களை இறக்கிக்கொண்டு, செயல்பாட்டு அறிக்கைக்கு நேராகப் போங்கள். பரிந்துரைத்த நாளிலிருந்து 18 வாரத்துக்குள் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற அளவுகோலில் ட்ரஸ்ட் எங்கே நிற்கிறது, புற்றுநோய்க்கான 28 நாள், 62 நாள் இலக்குகள் எட்டப்படுகின்றனவா, கொலனோஸ்கோபிக்கு ஆறு வாரத்துக்கு மேல் காத்திருப்போர் எத்தனை பேர் என்று பாருங்கள். பிறகு மருத்துவமனைகளின் தரத்தை ஆய்வுசெய்யும் சிகியூசியின் கடைசி ஆய்வறிக்கையில் உங்கள் துறை பற்றிய பக்கங்களையும், எண்டோஸ்கோபி என்றால் அந்தப் பிரிவுகளின் தரத்துக்கான ஜேஏஜி அங்கீகாரத்தின் நிலையையும் பாருங்கள். கட்டணம் கட்டிச் சேரும் நேர்காணல் பயிற்சி வகுப்புகளைவிட இந்த ஒரு மாலை நேரம் அதிகப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

நாட்டளவிலான செய்திகளில் ஓரளவு போதும். ஒரு பகுதியின் மருத்துவ, சமூகப் பராமரிப்புச் சேவைகளை ஒன்றிணைக்க, 2022 ஜூலையில் சட்டபூர்வமான ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்புகள் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். 2025 ஜூலையில் வெளியான என்எச்எஸ் பத்தாண்டுத் திட்டம் மூன்று மாற்றங்களைச் சொல்கிறது: மருத்துவமனையிலிருந்து சமூகத்துக்கு, காகிதத்திலிருந்து டிஜிட்டலுக்கு, நோய் தீர்ப்பதிலிருந்து நோய் தடுப்புக்கு. அவற்றில் ஒன்றையாவது உங்கள் துறையோடு பொருத்திப் பேசுங்கள். கல்லீரல் நோயாளிகளுக்கான ஃபைப்ரோஸ்கேனை (கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஸ்கேனை) சமூக மையங்களுக்குக் கொண்டுபோவது போன்ற ஒரு திட்டம் போதுமானது.

படி 5: எதிரில் அமர்பவர்கள்

1996-ஆம் ஆண்டின் கன்சல்டன்ட் நியமன விதிகள் நேர்காணல் குழுவின் அமைப்பை வரையறுக்கின்றன. கூடுதல் தன்னாட்சி உள்ள ஃபவுண்டேஷன் ட்ரஸ்ட்களை அவை சட்டப்படி கட்டுப்படுத்தாவிட்டாலும் பெரும்பாலானவை அதே முறையையே பின்பற்றுகின்றன. மருத்துவர் அல்லாத பொது உறுப்பினர் ஒருவர், தலைமை நிர்வாகி, மெடிக்கல் டைரக்டர், அதே துறையின் கன்சல்டன்ட், துறை சார்ந்த மருத்துவர்களின் தொழில்முறை அமைப்பான ராயல் காலேஜ் சார்பில் வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் ஆகியோர் இருப்பார்கள். நிர்வாகிக்கும் டைரக்டருக்கும் பதிலாக அவர்களின் பிரதிநிதிகள் வரலாம். கற்பித்தல் அதிகமுள்ள பதவியானால் பல்கலைக்கழகப் பிரதிநிதியும் வருவார். பொது உறுப்பினருக்கும் புரியும்படி பேசினால் மற்றவர்களுக்கும் புரியும் என்பதால், எல்லாப் பதில்களையும் அவரை மனத்தில் வைத்துத் தயாரிப்பது நல்லது.

படி 6: முன்வைப்புரை

கேட்டிருந்தால் மட்டும். ஐந்து நிமிடம் என்றால் நான்கு ஸ்லைடுகளுக்கு மேல் வேண்டாம். அசையும் எழுத்துகளும் வண்ணக் கோலங்களும் வேண்டவே வேண்டாம். சாதாரண பவர்பாயின்ட் கோப்பும், அது திறக்காமல் போனால் கையில் கொடுக்க அச்சிட்ட தாளும் போதும்.

படி 7: கேள்விகள்

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பதற்கு, மருத்துவப் பணி, கற்பித்தலும் ஆய்வும், நிர்வாக அனுபவம், சொந்த வாழ்க்கை என்ற வரிசையில் இரண்டு நிமிடம் பேசுங்கள். எந்தக் கல்லூரியில் எந்த ஆண்டு சேர்ந்தோம் என்று தொடங்குவது நமக்குப் பழகியது. அது விண்ணப்பத்திலேயே இருக்கிறது. இப்போது என்ன செய்கிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

நீங்கள் செய்ததை நீங்கள் செய்ததாகவே சொல்லுங்கள். அடக்கம் கருதி எல்லாவற்றையும் குழுவின் கணக்கில் எழுதிவிடுவது நம்மிடம் ஆழப் பதிந்த பழக்கம். ஆனால் மதிப்பெண் தாளில் உங்கள் பங்குக்கு மட்டுமே இடம் இருக்கிறது. ஆடிட் பற்றிக் கேட்டால் இப்படிச் சொல்லலாம்: "இரைப்பையில் இரத்தக்கசிவோடு சேர்பவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி செய்ய வேண்டும் என்கிறது நைஸ் அமைப்பின் சிகிச்சை வழிகாட்டி. எங்கள் மருத்துவமனையில் வார இறுதியில் அது தவறிக்கொண்டிருந்ததை நான் கணக்கெடுத்தேன். சனிக்கிழமை காலை எண்டோஸ்கோபி பட்டியலில் இரண்டு இடங்களை ஒதுக்கும்படி மேலாளரிடம் பேசினேன். ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தேன்." அளந்தது, மாற்றியது, மறுபடி அளந்தது ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். மறுபடி அளக்காத ஆடிட்டைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மேல்.

ஏறக்குறைய தவறாமல் வருவது சிக்கலான சக மருத்துவர் பற்றிய கேள்வி. காலை எண்டோஸ்கோபி பட்டியலுக்கு வரும் மூத்த கன்சல்டன்ட் மீது மது வாடை வீசுகிறது, என்ன செய்வீர்கள்? மூத்தவரை மதிக்கும் நம் வளர்ப்பு இங்கே குறுக்கே வரும். வயதையும் பதவியையும் ஒதுக்கிவைத்து, வரிசை மாறாமல் சொல்லுங்கள். முதலில் நோயாளியின் பாதுகாப்பு: பட்டியல் தொடங்கக் கூடாது. அவரைத் தனியறைக்கு அழைத்து, முடிந்தால் இன்னொரு மூத்த சக ஊழியரையும் உடன் வைத்துக்கொண்டு, கண்டதைக் குற்றச்சாட்டாக இல்லாமல் கவலையாகச் சொல்லி, அன்றைய பணியிலிருந்து விலகச் சொல்ல வேண்டும். உடனே கிளினிக்கல் டைரக்டரிடம் தெரிவித்து, அந்தப் பட்டியலை யார் நடத்துவது, நோயாளிகளிடம் என்ன சொல்வது என்று முடிவுசெய்ய வேண்டும். அவர் காரை ஓட்டிச் செல்லாமல் வீடு சேர்வதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். பணியாளர் நலப் பிரிவு, மருத்துவர்களுக்கான ரகசிய உதவிச் சேவையான பிராக்டிஷனர் ஹெல்த் போன்ற உதவிகள் அவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். முன்பும் இப்படி நடந்து நோயாளிகள் பாதிக்கப்பட்டார்களா என்று பார்ப்பது டைரக்டரின் பொறுப்பு. நீங்கள் துப்பறியத் தேவையில்லை. நடந்ததை அன்றே எழுதி வைப்பதாகவும் சொல்லுங்கள். கடைசியில் அவர் மீதான இரக்கம் தெரியும்படி ஒரு வாக்கியமாவது இருக்கட்டும், ஏனென்றால் குழு அதையும் கவனிக்கிறது.

தவறு நேர்ந்தால் நோயாளியிடம் வெளிப்படையாகச் சொல்வது பற்றிய கேள்விக்கு, நோயாளிப் பராமரிப்பில் நேர்ந்த பெரும் குறைபாடுகள் பற்றிய மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனை விசாரணையின் 2013 அறிக்கைக்குப் பிறகு, 2014-இல் வெளிப்படைத்தன்மை ட்ரஸ்ட்களுக்குச் சட்டக் கடமையானது என்ற பின்னணியை ஒரு வரியில் சொல்லிவிட்டு, நீங்களே நோயாளியிடமோ குடும்பத்திடமோ வருத்தம் தெரிவித்த ஓர் உண்மை நிகழ்வைச் சொல்லுங்கள். பெயரோ அடையாளமோ வேண்டாம்.

படி 8: ஒத்திகை

கைபேசியில் பதிவுசெய்து கேட்பதே சிறந்த கருவி. இரண்டு நிமிடத்தைத் தாண்டும் பதில்களை வெட்டுங்கள். பதில்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு தலைப்புக்கும் மூன்று குறிப்புச் சொற்களை ஒரே தாளில் எழுதி வைத்தால் போதும். ஒரு முறை உங்கள் கன்சல்டன்டிடமும், ஒரு முறை மருத்துவம் படிக்காத ஒருவரிடமும் பேசிக் காட்டுங்கள்.

படித்தவர்கள் கேட்டதற்காகச் சேர்த்தவை

அதே மருத்துவமனையில் லோக்கம் (தற்காலிக) கன்சல்டன்டாக இருப்பவர்கள், எல்லோருக்கும் என்னைத் தெரியுமே, நானும் சந்திக்கப் போக வேண்டுமா என்று கேட்டார்கள். கட்டாயம் போக வேண்டும். அறையில் சொல்லாத எதற்கும் மதிப்பெண் இல்லை. வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டாளருக்கு உங்களைத் தெரியவே தெரியாது. உள்ளேயே இருப்பவர்கள், எல்லோருக்கும் நம்மைத் தெரியும் என்று எண்ணித் தயாரிப்பைக் குறைத்துக்கொள்வதால், வெளியிலிருந்து நன்கு தயாராகி வந்தவருக்குப் பதவி போவது உண்டு.

நேர்காணல் டீம்ஸ் வழியாக நடந்தால் கேமராவைக் கண் மட்டத்தில் வையுங்கள். குறிப்புத் தாளைத் திரையில் ஒட்டிப் படிப்பது எதிரில் இருப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

பணி கிடைத்தது என்று அன்று மாலையே தொலைபேசியில் சொல்வார்கள். அது நிபந்தனைக்கு உட்பட்ட வாய்ப்பு மட்டுமே. சான்றுகளும் பரிந்துரைக் கடிதங்களும் சரிபார்க்கப்பட்டு எழுத்து வடிவில் உறுதியான உத்தரவு வரும்வரை இப்போதுள்ள வேலையை விட வேண்டாம். தாய்நாட்டில் கன்சல்டன்டுக்கு ஒப்பான நிலையில் பணியாற்றியவர்கள், அந்த அனுபவத்தைத் தொடக்கச் சம்பளப் படியில் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, பணிச் சான்றிதழ்களை இணைத்து மருத்துவப் பணியாளர் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். கையெழுத்திட்ட பிறகு அதை மாற்றுவது மிகக் கடினம்.