மாமாவின் குட் மார்னிங்

தக்கலை மாமா தினமும் காலை 5 மணிக்கே குடும்பக் குரூப்பில் சூரிய உதயப் படம் போடுவார். கன்னியாகுமரிக்காரனுக்கு உதயத்தைப் படத்திலா காட்ட வேண்டும்! அப்புறம் வீடியோ வரிசை. மகளின் ஆண்டுவிழா அன்று போனில் இடமே இல்லை. நடனத்தைப் படமெடுக்க முடியவில்லை.

குரூப்பை விட்டு வெளியேறலாம்தான், ஆனால் அடுத்த கல்யாண வீட்டில் மைனி நிறுத்தி வைத்துக் கேட்பார்.

சரி என்று வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சேமிப்புப் பகுதிக்குப் போனேன். மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றிலும் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்தினேன். அங்கேயே 5 எம்பிக்கு மேற்பட்டவை, பலமுறை ஃபார்வர்டு ஆனவை எனத் தனித்தனியாகக் காட்டியது, பார்த்து அழித்தேன். குரூப்பை நிரந்தரமாக மியூட் செய்தேன்.

நேற்று மாமா போனில், "மக்களே, படம் பாத்தியா?"

"பாத்தேன் மாமா."