வன்னியில் பல்கலைக்கழக விளையாட்டுப் புகழ்க்கூடம்: கோப்பிலிருந்து சுவர்வரை

முன்னாள் வீர, வீராங்கனைகளுக்குப் புகழ்க்கூடம் வைப்போம் என்று கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியதும் எல்லோர் கண்ணும் சுவரைத்தான் தேடும். எங்கே மாட்டுவது, பித்தளையா கண்ணாடியா என்று பேச்சு ஓடும். வன்னியில் அப்படித் தொடங்கிய வேலை ஆறு மாதத்தில் நின்றுவிடும். பலகையில் எழுத வேண்டியதற்கு ஆதாரம் கையில் இராது. 2008, 2009 போர்க்கால இடப்பெயர்வுகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வீடுகளில் இருந்த சான்றிதழ்களும் பதக்கங்களும் அல்பங்களும் பெரும்பாலும் அழிந்துபோயின. "மூலச் சான்றிதழ் கட்டாயம்" என்று விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி எழுதினால் போதும், அதிகம் இழந்தவர்களே முதலில் வெளியே நிற்பார்கள். ஆகவே இங்கே முதல் வேலை கோப்பு. பலகை கடைசி.

யார் எங்கள் வீரர்?

இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லாமல் ஒரு பெயரையும் எடுக்கக் கூடாது. வவுனியாப் பல்கலைக்கழகம் தனிப் பல்கலைக்கழகமானது 2021 ஆகஸ்ட் 1இல். அதற்கு முன் 1997 முதல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம். அதற்கும் முன் 1991 முதல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி. 2005இல் வளாகத்தில் படித்த ஒருவர் யாழ். பல்கலைக்கழகப் பெயரில் களமிறங்கியிருந்தால் பதக்கமும் அந்தப் பெயரிலேயே பதிவாகியிருக்கும். அவரை இங்கே கௌரவிக்கலாம், கௌரவிக்கவும் வேண்டும். ஆனால் பலகையில் "யாழ்ப்பாணப் பல்கலைக்கழக அணி, வவுனியா வளாக மாணவர்" என்று இரண்டையும் எழுதுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள விவசாய, பொறியியல் பீடங்கள் இன்றும் யாழ். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. அங்கே கூடம் வைப்பதென்றால் யாழ். உடற்கல்வி அலகுடன் முதலே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே வீரருக்கு இரண்டு இடத்தில் இரண்டு விதமான விவரம் நிற்கும்.

தகுதி எல்லையை இறுக்கி வைக்கும்போது ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகங்களின் பெரு விளையாட்டு விழா மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வருவது. மூன்று அல்லது நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பில் ஒரு மாணவருக்கு அது பெரும்பாலும் ஒரேயொரு தடவைதான் கிடைக்கும். "இரண்டு விழாவில் பதக்கம்" என்று விதி எழுதினால் மிகத் திறமையானவரும் விழுந்துவிடுவார். ஒரு விழாப் பதக்கம், அல்லது இடைப்பட்ட ஆண்டுகளின் பல்கலைக்கழகப் போட்டியில் முதலிடம், அல்லது தேசிய அணியில் இடம், அல்லது பல்கலைக்கழகச் சாதனை என்று மாற்று வழிகளாக எழுதுங்கள். படிப்பு முடிந்து ஐந்து ஆண்டு கழியட்டும். அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுன் பேஸ்போல் புகழ்க்கூடமும் ஓய்வுக்குப் பின் ஐந்து ஆண்டு காத்திருக்க வைக்கிறது. ஆட்டத்தின் சூடு ஆறி, நண்பர் வட்டத்தின் ஆரவாரமும் அடங்கிய பிறகு எடுக்கும் முடிவுதான் நிற்கும்.

பட்டத்துக்குப் பின் வந்த சாதனைக்கும் இடம் வையுங்கள். முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 70 வயது கடந்த பின்தான் 2023இல் பிலிப்பைன்ஸில் மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்றார். இருபத்தைந்து வயதோடு கணக்கை மூடும் விதி வன்னிக்குப் பொருந்தாது. அணி, பயிற்றுநர், மாற்றுத்திறனாளி விளையாட்டு ஆகியவற்றுக்கும் தனிப் பிரிவு வேண்டும். நன்கொடை கொடுத்தவர்களுக்கு வேறொரு சுவரில் நன்றி சொல்லுங்கள். இந்தச் சுவரில் வேண்டாம்.

குழுவும் வாக்கும்

ஏழு பேர் போதும்: உடற்கல்விப் பணிப்பாளர், நூலகர், வெவ்வேறு தலைமுறைப் பழைய மாணவர் இருவர் (ஒருவர் பெண்), மாவட்ட விளையாட்டுத் துறையில் அனுபவமுள்ள வெளியார் ஒருவர், நடப்பு அணித் தலைவர் ஒருவர், சிங்கள மொழியில் சரளமாக எழுதத் தெரிந்த ஒருவர். கூப்பர்ஸ்டவுனில் 75 வீத வாக்கு வேண்டும். ஏழு பேரில் அது 5.25, ஆகவே ஆறு வாக்கு. இரகசிய வாக்காக இருக்கட்டும். சொந்தக்காரரின் பெயர் வரும்போது உறுப்பினர் அறையை விட்டு வெளியே போக வேண்டும். அவர் எழுந்து போன நேரமும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். விதிகள் பல்கலைக்கழகப் பேரவையின் அங்கீகாரம் பெற்ற பிறகே விண்ணப்பம் கோருங்கள். விண்ணப்பம் வந்த பிறகு விதியைத் திருத்தினால், யாரோ ஒருவருக்காகத் திருத்தினார்கள் என்ற பேச்சை எந்த விளக்கமும் அழிக்காது.

சான்றிதழ் இல்லாதவருக்கு ஆதாரம் தேடுவது

நேரமும் பொறுமையும் அதிகம் கேட்கும் கட்டம் இது. மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

ஆதாரத்தை மூன்று தரமாகப் பிரியுங்கள். முதல் தரம், அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட பதிவு: போட்டி முடிவுத்தாள், வர்ண விருது (பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்குத் தரும் கௌரவம்) பெற்றோர் பட்டியல், பத்திரிகைச் செய்தி, ஆண்டு மலர். இரண்டாம் தரம், திகதி தெரியும் படம் அல்லது கடிதம். மூன்றாம் தரம், சாட்சி. முதல் தரத்தில் ஒன்று போதும். இரண்டாம் தரத்தில் ஒன்றோடு சாட்சி ஒன்று வேண்டும். சாட்சி மட்டுமே என்றால் இரண்டு பேர், அதில் ஒருவராவது எதிரணியில் ஆடியவராகவோ நடுவராகவோ இருக்க வேண்டும். தன் அணித் தோழனுக்குக் கூட்டிச் சொல்வது மனித இயல்பு; தன்னைத் தோற்கடித்தவரைப் பற்றி எதிரணிக்காரர் கூட்டிச் சொல்ல மாட்டார். சாட்சியைச் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசியாக எடுங்கள். அதில் ஆண்டு, இடம், போட்டி, எதிரணி, சாட்சி அதை எங்கே நின்று பார்த்தார் என்ற ஐந்தும் இருக்கட்டும்.

எங்கே தேடுவது? வீரரின் வீட்டில் இல்லாதது எதிரணியின் அலுமாரியில் இருக்கும். போட்டியை நடத்திய பல்கலைக்கழகத்தின் உடற்கல்வி அலகுக்கு ஆண்டையும் போட்டியையும் குறித்துக் கடிதம் எழுதுங்கள். "எங்கள் மாணவர் விவரம் தேவை" என்று பொதுவாக எழுதினால் பதில் வராது. பழைய பத்திரிகைகளுக்குக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. போவதற்கு முன் திகதியை ஒரு வார இடைவெளிக்குள் சுருக்கிக்கொள்ளுங்கள். தமிழ்ப் பத்திரிகைகளில் முடிவு மறுநாளே வந்திருக்கும் என்று எண்ண வேண்டாம்; போட்டிக்குப் பின் பத்து நாள்வரை புரட்டுங்கள். மலர்களும் சிறப்பிதழ்களும் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் பல கிடைக்கின்றன. புலம்பெயர்ந்த பழைய மாணவர்களின் அல்பங்களையும் கேளுங்கள். இடப்பெயர்வுக்கு முன்பே வெளிநாட்டுக்குத் தபாலில் போன படம்தான் பல குடும்பங்களில் மிஞ்சிய ஒரே படம்.

நேரமும் தூரமும்

சாதனை எண்களில் வரும் பிழை பெரும்பாலும் பொய்யால் வருவதில்லை, படியெடுப்பதால் வருவது. நிறுத்தற் கடிகாரத்தில் கையால் எடுத்த நேரம் 11.2 என்று ஒரு தசமத்தில் இருக்கும். அழகுக்காக அதை 11.20 என்று எழுதினால் மின்னியல் கருவியில் பதிந்த நேரம் என்று பொருளாகிவிடும். 100 மீற்றரில் கைநேரத்தை மின்னியல் நேரத்தோடு ஒப்பிட 0.24 விநாடி கூட்டுவது வழக்கம், 400 மீற்றரில் 0.14. இந்தக் கூட்டல் தெரிவுக்குழுவின் மேசையில் மட்டும் நடக்கட்டும். பலகையில் அன்று பதிந்ததையே எழுதுங்கள். இலங்கையின் டங்கன் வைற் 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளி வென்ற நேரம் இன்றும் 51.8 என்றுதான் நிற்கிறது. அவரே 1950இல் ஒக்லாந்து பிரித்தானியப் பேரரசு விளையாட்டில் தங்கம் வென்ற தடைதாண்டி ஓட்டம் 440 யார். 440 யார் என்பது 402.34 மீற்றர், அதை 400 மீற்றர் என்று மாற்றி எழுதுவது பிழை. உயரம், தூரம் வேறு: 6 அடி 8 அங்குலத்தை 2.03 மீற்றர் என்று மாற்றலாம். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் இலங்கையின் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற உயரம் அதுதான்.

குண்டு போடுதலில் எடையைக் குறிக்காமல் தூரத்தை எழுத வேண்டாம். ஆண்களுக்கு 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ. பாடசாலைக் காலத்தில் எறிந்த குண்டு பெரும்பாலும் இதைவிடக் குறைந்த எடை. பாடசாலைத் தூரம் பல்கலைக்கழகச் சாதனையாக ஏறிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

பெயர்

ஒரே முதலெழுத்தோடு ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே பீடத்தில் படித்திருப்பார்கள். பதிவெண்ணையும் அனுமதி ஆண்டையும் கோப்பில் சேர்த்தால்தான் பிரிக்கலாம். பெண்களுக்குத் திருமணத்தின் பின் முதலெழுத்து மாறியிருக்கும். முடிவுத்தாளில் தகப்பன் பெயர், இன்றைய அடையாள அட்டையில் கணவர் பெயர். பலகையில் போட்டியிட்ட பெயர் முதலில் வரட்டும். இன்றைய பெயரைச் சேர்ப்பதா என்பதை அவரே சொல்லட்டும்.

இறந்தவரின் பெயருக்கு முன் "அமரர்" போடுவது வழமை. வன்னியில் அதைக் கேளாமல் போடக் கூடாது. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் தாய் இன்னும் காத்திருக்கலாம். வீட்டுக்கு நேரில் போய், அடைமொழி இல்லாமல், இறந்த ஆண்டு இல்லாமல், ஆடிய ஆண்டுகளை மட்டும் எழுதுகிறோம் என்று சொல்லுங்கள். உண்மையில் எல்லாப் பலகைகளையும் இப்படியே அமைத்துவிட்டால் யாருடைய பலகையும் தனித்துத் தெரியாது. அதையே விதியாக்கிவிடுவது நல்லது.

படமும் பலகையும்

தபால் அட்டை அளவுப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கான் செய்யுங்கள், பாஸ்போட் படத்தை 1200இல். சட்டக் கண்ணாடியில் ஒட்டிப்போன ஈரப்பட்ட படத்தை உரிக்க வேண்டாம். முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் எடுங்கள். மூலப்படத்தை வாங்கிக்கொண்டு போகாதீர்கள். ஸ்கானரை வீட்டுக்குக் கொண்டுபோய், அவர்கள் கண்முன்னே எடுத்து, கையோடு திருப்பிக் கொடுங்கள். மிஞ்சிய ஒரேயொரு படத்தைத் தபாலில் அனுப்பச் சொல்வது நியாயமில்லை.

ஒருவருக்கு ஒரு ஏ4 தகடு. மேலே 10க்கு 15 சென்ரிமீற்றர் படம், கீழே தமிழ், சிங்களம், ஆங்கிலத்தில் பெயர் 12 மில்லிமீற்றர் உயரத்தில், ஒவ்வொரு மொழியிலும் இரண்டு வரி விவரம் 6 மில்லிமீற்றரில். ஒன்றரை மீற்றரில் நின்று இதை வாசிக்கலாம். அதற்கு மேல் எழுத ஆசைப்பட்டால் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். விரிவான வரலாறு கோப்புக்கும் விழா மலருக்கும் உரியது. தகடுகளுக்கிடையே 8 சென்ரிமீற்றர் விட்டால் 6 மீற்றர் சுவரில் ஒரு வரிசைக்கு 20, மூன்று வரிசையில் 60. நடு வரிசையின் மையம் தரையிலிருந்து 150 சென்ரிமீற்றர். முதல் ஆண்டு எட்டுப் பேர், பிறகு ஆண்டுக்கு நான்கு பேர் என்று போனால் அந்தச் சுவர் 14 விழாவுக்குப் போதும்.

மரச்சட்டம் வேண்டாம், கறையான் விடாது. பித்தளை மினுக்க ஆள் இல்லாவிட்டால் ஓராண்டில் கறுத்துவிடும். துருப்பிடிக்காத உருக்குத் தகடு அல்லது 5 மில்லிமீற்றர் அக்ரிலிக், சுவரிலிருந்து 2 சென்ரிமீற்றர் தள்ளி நிற்கும் திருகாணிகளில். மாரியில் சுவர் ஈரம் உறிஞ்சும். ஒட்டிப் பூட்டினால் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். மேற்கு வெயில் நேரே விழும் சுவரில் அச்சு நிறம் வெளிறும். உள் மண்டபத்தில் நேர் வெயில் விழாத சுவரைத் தேருங்கள்.

அச்சகத்தில் நடக்கும் கோளாறை முதலே தெரிந்து வைத்திருங்கள். நீங்கள் யூனிகோட்டில் அனுப்புவீர்கள், அங்கே பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் "கெ", "கொ" போன்றவற்றில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அதைத் திருத்தப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் மறுபடி தட்டச்சுச் செய்வார்கள். அந்த இடத்தில்தான் ரகர றகரமும் லகர ளகரமும் மாறும். எழுத்துகளைக் கோட்டுருவாக (அவுட்லைன்) மாற்றிய பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். முழு அளவில் கடதாசியில் ஒரு படி எடுத்து வீரரிடமோ குடும்பத்திடமோ ஒப்பம் வாங்கிய பின்பே தகட்டில் அடிக்கச் சொல்லுங்கள். சிங்கள வரிகளைச் சிங்களம் தாய்மொழியான ஒருவர் பார்க்க வேண்டும்.

விழா

ஐப்பசி முதல் தை வரை மழை, மாசியில் காலபோக அறுவடை. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருவது ஆடி, ஆவணியில். ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா. அந்த வாரம் மன்னார் வீதியில் பேருந்தும் கிடையாது, வவுனியாவில் அறையும் கிடையாது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை மாலை தோதாக இருக்கும். அழைப்பு எட்டு வாரத்துக்கு முன் போகட்டும். வீசா எடுக்க வேண்டியவர்களுக்கு இன்னும் முந்தி.

மேடைக்குப் படி மட்டும் வைக்காதீர்கள். முன்னாள் வீரர்களில் மூட்டு வலிக்காரர் இருப்பார்கள், போரில் கால் இழந்தவரும் இருக்கலாம். 60 சென்ரிமீற்றர் உயர மேடைக்கு 7.2 மீற்றர் நீளச் சாய்வுத்தளம் வேண்டும், அதாவது ஒன்றுக்குப் பன்னிரண்டு. அவ்வளவு இடமில்லையென்றால் மேடையே வேண்டாம். எல்லோரும் தரையில் நின்று கௌரவியுங்கள். ஒருவருக்கான பாராட்டுரை 90 விநாடி, தமிழில் சுமார் 130 சொல். அதை அறிவிப்பாளர் முதல்நாளே உரத்து வாசித்துப் பார்க்கட்டும். அதிதிகள் உரை வீரர்களுக்குப் பின்னால் வரட்டும். முன்னால் வைத்தால் பொன்னாடை போர்க்கும் நேரத்தில் இருட்டிவிடும், முல்லைத்தீவுக்குக் கடைசிப் பேருந்தும் போய்விடும். சுவரில் உள்ள தகட்டின் சிறிய படி ஒன்று வீட்டுக்குப் போகட்டும்.

விழாவுக்குப் பின்

கோப்பின் மூன்று படிகள்: உடற்கல்வி அலகில் ஒன்று, நூலகத்தில் ஒன்று, வன்னிக்கு வெளியே ஒன்று. மூன்றாவதை யாரும் தவிர்க்க வேண்டாம். குடும்பத்தின் சம்மதத்தோடு எண்ணிமப் படியை முன்னே சொன்ன நூலகம் எண்ணிம நூலகத்துக்கும் கொடுக்கலாம். ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் திருகாணிகளை இறுக்கி, தகட்டின் பின்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பிழை ஒன்றை யாராவது காட்டினால் கோப்பை எடுத்துப் பாருங்கள்; பிழைதான் என்றால் ஒரு மாதத்துக்குள் அந்தத் தகட்டை மட்டும் கழற்றி மாற்றுங்கள். பெயர்களை ஒரே பெரிய பலகையில் வரிசையாகப் பொறிக்காமல் தனித் தகடாக, நான்கு திருகாணியில் மாட்டச் சொல்வது இதற்காகவும்தான்.