பழைய பிரவுசர்களிலும் உடையாத வலைத்தளம்: படிப்படியாக

பழைய பிரவுசரில் தளம் அச்சு அசலாக அதே தோற்றத்தில் வர வேண்டும் என்று மெனக்கெடாதீர்கள். படிக்கவும், படிவத்தை நிரப்பி அனுப்பவும் முடிந்தால் போதும்.

1. எதுவரை ஆதரவு?

தளத்தின் வருகைப் பதிவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். விண்டோஸ் 10-ன் பெரும்பாலான பதிப்புகளில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்டே 2022 ஜூன் 15-ல் நிறுத்திவிட்டது. இன்றைய தலைவலி பழைய ஐபோன்கள்தான்: ஐஓஎஸ் அப்டேட் நின்றால் சஃபாரியும் அங்கேயே நின்றுவிடும்.

2. எச்டிஎம்எல்

முதல் வரி டாக்டைப், அதாவது '<!DOCTYPE html>' என்ற அறிவிப்பு. அது விட்டுப்போனால் பிரவுசர் குவர்க்ஸ் மோடு என்ற பழைய காலக் காட்சி முறைக்குப் போய், அளவுகள் தாறுமாறாகும். பொத்தானுக்கு டிவ் (வெறும் பெட்டியை உருவாக்கும் டேக்) வேண்டாம். பட்டன் டேகையே வையுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் படிவம் போய்ச் சேரும்.

3. சிஎஸ்எஸ்: பழையது மேலே, புதியது கீழே

தளத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில், புரியாத வரியைப் பிரவுசர் சத்தமில்லாமல் தாண்டிவிடும். அதையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். உதாரணமாக உயரத்துக்கு, முதலில் 'ஹைட்: 100விஎச்' (height: 100vh, திரையின் முழு உயரம்), அடுத்த வரியில் 'ஹைட்: 100டிவிஎச்' (100dvh, முகவரிப் பட்டை மறைந்து தோன்றுவதற்கேற்ப மாறும் உயரம்). டிவிஎச் தெரியாத பிரவுசர் முதல் வரியோடு நின்றுகொள்ளும். வரிசையை மாற்றிப் போட்டால் புதிய பிரவுசருக்கும் பழையதுதான் கிடைக்கும்.

செலக்டர்களுக்கு (விதி எந்த உறுப்புக்கு என்று சொல்லும் பகுதி) இந்தச் சலுகை கிடையாது. கமா போட்டு அடுக்கியவற்றில் ஒன்று புரியாவிட்டாலும் பொதுவாக மொத்த விதியும் காலி. சந்தேகமானதைத் தனி விதியாக எழுதுங்கள்.

பெரிய மாற்றங்களை, பிரவுசருக்கு ஒரு வசதி தெரியுமா என்று கேட்டுப் பார்க்கும் அட்-சப்போர்ட்ஸ் (@supports) விதிக்குள் போடலாம். ஆனால் பெட்டிகளை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ்பாக்ஸில் 'கேப்' (gap, பெட்டிகளுக்கு இடையிலான இடைவெளி) விஷயத்தில் அது ஏமாற்றும். சஃபாரி 14.1-க்கு முன் ஃப்ளெக்ஸில் கேப் வேலை செய்யாது, கட்டங்களாக அடுக்கும் கிரிட்டில் செய்யும். எனவே 'கேப் தெரியுமா?' என்று கேட்டால் சஃபாரி 'தெரியும்' என்னும், பெட்டிகளோ ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் மார்ஜின்தான் (பெட்டியின் வெளி ஓர இடைவெளி) பத்திரம்.

4. ஜாவாஸ்கிரிப்ட்

இங்கே மன்னிப்பே இல்லை: தெரியாத இலக்கணம் ஒன்று இருந்தாலும் அந்த ஃபைல் முழுதும் ஓடாது. ஃபெட்ச் (சர்வரிலிருந்து தரவு வாங்கும் வசதி) போன்ற விடுபட்ட வசதிகளைப் பாலிஃபில் என்ற நிரப்புக் கோடு ஈடுகட்டும். ஏரோ ஃபங்ஷன் ('=>' குறியால் ஃபங்ஷன் எழுதும் முறை) போன்ற இலக்கணத்துக்குப் பாலிஃபில் உதவாது. பேபல் (Babel) என்ற மாற்றும் கருவி கொண்டு பழைய வடிவுக்கு மாற்ற வேண்டும். பிரவுசரின் பெயரைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் வேறு கோடு ஓடும்படி கிளை பிரிக்காதீர்கள், அந்தப் பெயர் பொய்யாகவும் இருக்கலாம். வசதி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

5. சோதனை

குரோமில் உள்ள மொபைல் பார்வை திரை அளவை மாற்றுமே தவிர, பக்கத்தை வரைந்து காட்டும் இன்ஜினை மாற்றாது. பழைய சாதனம் ஒன்றிலேயே திறந்து பாருங்கள். பிறகு ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு, படிவத்தை ஒருமுறை அனுப்பிப் பாருங்கள்.